ஒரு மாடு, எத்தனை வீடு

மன்னாருக்குப் போகிறேன் என்று யாழ்ப்பாணத்தில் யாரிடம் சொன்னாலும் மீனைப் பற்றித்தான் பேசினார்கள். பேசாலைப் பாரை, விடத்தல்தீவு இறால், வரும்போது மறக்காமல் கருவாடு. தீவைச் சுற்றிக் கடல் கிடக்கையில் அப்படிச் சொல்வது இயல்புதான். ஆனால் அந்தத் தீவில் மீன் அன்றாடச் சோற்றுக்கானது. கல்யாணம், கத்தம், பெருநாள், வெளியூர் விருந்தாளி என்று வந்துவிட்டால், குறிப்பாக முஸ்லிம் ஊர்களான எருக்கலம்பிட்டியிலும் தாராபுரத்திலும், அடுப்பில் ஏறுவது மாட்டிறைச்சி.

நான் இராமநாதபுரம் பக்கத்துக்காரன். எங்கள் வீட்டில் ஆட்டிறைச்சிக்கே கிழமை பார்ப்பார்கள். மாட்டிறைச்சி வாசல்படி ஏறியதில்லை. தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் நடுவே ஏறத்தாழ 30 கிலோமீட்டர் கடலும் மணல்திட்டுகளும். இரண்டு கரையிலும் அதே பனை, அதே உப்புக்காற்று. மாட்டிறைச்சி என்று உரக்கச் சொல்லலாமா, குரலைத் தாழ்த்த வேண்டுமா என்பது மட்டும் தெருவுக்குத் தெரு மாறுகிறது. 2022 மே மாதம் ஆம்பூரில் மாவட்ட நிர்வாகம் நடத்த இருந்த பிரியாணித் திருவிழாவில் மாட்டிறைச்சிப் பிரியாணிக்கு இடமில்லை என்றானது, எதிர்ப்பு கிளம்பியது, விழா தள்ளிப்போனது. ஆம்பூரிலேயே இப்படியா என்று அன்று மனம் கசந்தது. மாட்டிறைச்சி வெறும் சாப்பாடாக இருக்கும் ஒரு தமிழூரில் சில நாள் தங்கிப் பார்க்க வேண்டும் என்ற எண்ணம் அப்போது வந்ததுதான்.

யாழ்ப்பாணத்திலிருந்து ஏ-32 சாலையில் பஸ். சங்குப்பிட்டிப் பாலம் தாண்டினால் பூநகரி, பிறகு வெள்ளாங்குளம், இலுப்பைக்கடவை, விடத்தல்தீவு. ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முந்தைய வாரம். சோழகக் காற்று புழுதியை வாரி ஜன்னலில் அடித்துக்கொண்டிருந்தது. காலபோக நெல்லை அறுத்து மாதக்கணக்காகிவிட்டதால் வயல்கள் மாடுகளின் வசம் இருந்தன. குட்டையான, திமில் வைத்த நாட்டு மாடுகள். கறுப்பு, செம்மண் நிறம், சாம்பல். இரண்டு லிட்டர் பால் கறந்தால் அதிசயம். ஆனால் காய்ந்த புல்லையும் ஈச்சம் பற்றையையும் தின்று வன்னி வெயிலில் உயிர் பிழைக்கத் தெரிந்தவை. பல மாடுகளின் தொடையில் சுட்ட குறி தெரிந்தது. இந்தக் குறி சுடுவதும், மாட்டுக்கு உரிமைச் சீட்டு எழுதுவதும், கன்றையும் கறவைப் பசுவையும் அறுக்காமல் காப்பதும் இலங்கையில் 1958ஆம் ஆண்டின் விலங்குகள் சட்டத்துக்குள் வருகின்றன. நம் தமிழ்நாடு விலங்குகள் பாதுகாப்புச் சட்டமும் அதே 1958தான். பத்து வயது தாண்டி, உழைப்புக்கும் இனப்பெருக்கத்துக்கும் உதவாத மாட்டையே சான்றிதழோடு அறுக்கலாம் என்றது அது. 1976இல் அரசாணை ஒன்று பசுவதையை அறவே தடுத்தது.

வெள்ளாங்குளத்தில் ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்த முதியவர் பட்டிக்காரர். நெற்றியில் திருநீறு. பேச்சு மாட்டைப் பற்றித் தொடங்கியதும் அவர் நிறுத்தவில்லை. முன்பு நாம்பன் கன்று பிறந்தால் சந்தோஷம். உழவுக்கு ஒன்று, வண்டிக்கு ஒன்று. உழவு இயந்திரம் வந்தபின் நாம்பனுக்கு வேலை இல்லை. பட்டியில் பிறப்பதில் பாதி நாம்பன். எல்லாவற்றையும் வைத்துத் தீனி போட யாரால் முடியும்? "நான் விக்கிறன் தம்பி. வாங்கிறவன் எங்க கொண்டுபோறான் எண்டு கேக்கிறேல்லை. கேட்டா அடுத்த வருசம் பட்டி இராது" என்றார். அவர் வீட்டில் மாட்டிறைச்சி சமைப்பதில்லை. ஆனால் மன்னாரில் அது இருப்பதால்தான் அவர் வீட்டில் பால் இருக்கிறது. இந்தக் கணக்கை இவ்வளவு நேராக எந்தக் கட்டுரையிலும் நான் படித்ததில்லை.

அவருடைய கோபம் வேறு பக்கம் இருந்தது. விதைப்புக் காலத்தில் மாட்டை வயலிலிருந்து அப்புறப்படுத்தியாக வேண்டும். கொண்டுபோக மேய்ச்சல் தரை வேண்டும். காட்டோரம் வனத்துறை எல்லைக்கல் நிற்கிறது. மட்டக்களப்பின் மயிலத்தமடுவில் 2023 செப்டம்பர் முதல் பண்ணையாளர்கள் மேய்ச்சல் தரைக்காகத் தெருவில் இருந்ததை அவர் சொல்லித் துயரப்பட்டார். 2022 டிசம்பரில் மாண்டஸ் புயலோடு வந்த குளிரில் வடக்கிலும் கிழக்கிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கால்நடைகள் ஒரே வீச்சில் செத்தன. நோயோ என்ற அச்சத்தில் அரசு இறைச்சி கொண்டுபோவதைச் சில நாள் நிறுத்தியது. விடிந்தபோது தன் மாடுகள் நின்ற இடத்திலேயே சரிந்து கிடந்ததை விவரித்துவிட்டு அவர் கொஞ்ச நேரம் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். பசுவின் பேரால் பேசுகிறவர்கள் எந்தக் கரையிலும் மேய்ச்சல் தரையைப் பற்றிப் பேசி நான் கேட்டதில்லை.

தள்ளாடி என்ற இடத்தைத் தாண்டினால் கடலுக்கு நடுவே தாம்போதி. அது முடிகிற இடத்தில் போர்த்துக்கேயர் 1560இல் கட்டத் தொடங்கிய கோட்டை. 

இறைச்சிக்கடைக்கு மறுநாள் அதிகாலையில் போனேன். இலங்கையில் மாட்டிறைச்சிக் கடை என்பது நினைத்தவர் நினைத்த இடத்தில் போடும் கடையல்ல. உள்ளூராட்சிச் சபை ஆண்டுதோறும் கேள்விமனு கோரிக் குத்தகைக்கு விடுகிறது. அறுப்பதற்கு மடுவம் உண்டு. அறுக்குமுன் மாட்டையும், அறுத்தபின் இறைச்சியையும் பரிசோதிக்க வேண்டும். முத்திரை விழாத தொடையைத் தொங்கவிடக் கூடாது. பௌர்ணமிப் போயா நாட்களில் கடை மூடியாக வேண்டும். வாங்க வந்தவர்களைத்தான் நான் அதிகம் பார்த்தேன். வெள்ளைத் தொப்பி அணிந்தவர்கள், கழுத்தில் செபமாலை போட்ட ஒரு மீனவர், பாடசாலைக்குப் போகுமுன் அனுப்பப்பட்ட ஒரு சிறுவன். யாரும் பையை ஒளிக்கவில்லை. கடைக்காரருக்கு ஒவ்வொரு வீடும் தெரியும். "உங்களுக்கு எலும்போடயா, நோயாளி இன்னும் வீட்டிலதானே?" என்று ஒருவரிடம் கேட்டு, சூப்புக்கு முழங்கால் எலும்பைத் தனியே வெட்டி வைத்தார். கடையில் நின்ற நேரம் முழுவதும் மாட்டின் பேரால் மூன்று மொழியில் ஆண்டாண்டாய் எரியும் ஒரு சண்டையின் நடுவில் இருக்கிறோம் என்ற உணர்வே எனக்கு வரவில்லை. அது எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

தாராபுரத்தில் நண்பர் வீட்டில் தங்கினேன். அவருடைய உம்மாவுக்கு எழுபதைத் தாண்டிய வயது. நாட்டு மாட்டின் இறைச்சி முரடு. அது நடந்து மேய்ந்து வளர்ந்த உடம்பு. அதை அடக்கப் பொறுமை வேண்டும். உம்மா பச்சைப் பப்பாசிக்காயை அரைத்துக் கொஞ்சம் தடவி ஊறவிட்டார். சின்ன வெங்காயம், இஞ்சி, உள்ளி, ரம்பை இலை, கறுவா, ஏலம், கராம்பு, வறுத்துத் திரித்த கறித்தூள். கொழுப்புத் துண்டுகளை முதலில் சட்டியில் போட்டு உருகவிட்டு, அந்த நெய்யிலேயே வெங்காயம் வதங்கியது. பிறகு இறைச்சி. பனைமட்டை எரியும் அடுப்பில் தணலைக் குறைத்து மணிக்கணக்காய் வைத்தார். தேங்காயின் இரண்டாம் பாலில் வெந்து, கடைசியில் முதற்பால் சேர்ந்தபோது கறியின் நிறம் கறுப்புக்கு வந்திருந்தது. "அவசரப்பட்டா மாடு கேக்காது மகன்" என்றார். இறைச்சியின் ஒரு துண்டுகூட வீணாகவில்லை. குடலைச் சுண்ணாம்புநீர் போட்டுச் சுரண்டிச் சுரண்டிக் கழுவி மறுநாள் காலைக்குப் பாபத் கறி. புட்டில் பாபத் குழம்பை விட்டுப் பிசைந்து சாப்பிட்ட காலைச் சாப்பாட்டை, நான் சாப்பிட்ட உணவுகளில் முதல் வரிசையில் வைப்பேன். குடலின் மடிப்புகளில் குழம்பு தங்கி, புட்டின் தேங்காய்ப்பூவோடு சேரும்போது வருகிற சுவைக்கு ஆட்டுக்குடல் ஈடில்லை.

அன்றிரவு உறவினர் வந்திருந்ததால் சஹன் வைத்தார்கள். பெரிய தாலம் ஒன்று; நெய்ச்சோறு குவித்து, மேலே மாட்டிறைச்சி, பக்கத்தில் கத்தரிக்காய், அச்சாறு. சுற்றி ஆறு பேர் உட்கார்ந்து அவரவர் முன்னாலிருக்கும் சோற்றைத் தின்ன வேண்டும். நடுவிலிருக்கும் இறைச்சியை மூத்தவர் பிய்த்து ஒவ்வொருவர் பக்கமும் தள்ளிவிடுவார். எங்கள் ஊரில் வேற்றுச் சாதிக்காரருக்குத் தனிக் குவளை வைத்த வீடுகளை நான் பார்த்து வளர்ந்தவன். முன்பின் தெரியாத ஐந்து பேரின் விரல்கள் அளைந்த அதே சோற்றில் என் விரல்களும் இருந்தன; பெரியவர் என் பக்கம் தள்ளிய துண்டில்தான் மஜ்ஜை அதிகம். சாப்பிட்டு எழுந்தபோது, விருந்து என்று அதுவரை நான் எண்ணியிருந்ததில் ஏதோ குறை இருந்ததாகத் தோன்றியது.

மாட்டிறைச்சியைத் தலைமேல் வைத்துக் கொண்டாடும் நாடென்றால் உலகம் அர்ஜென்டினாவைத்தான் சொல்லும். அங்கே கண்ணுக்கெட்டாத புல்வெளி. 19ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் குளிர்பதனக் கப்பல்கள் வந்ததும் அந்தப் புல்லே ஐரோப்பாவுக்கு இறைச்சியாய் ஏற்றுமதியானது. மன்னார்த் தீவில் புல் கிடையாது. மணலும் பனையும் உடைமுள்ளும்தான். மாடு பெருநிலத்திலிருந்து தாம்போதி தாண்டி வர வேண்டும். இங்கே மாட்டிறைச்சி வளத்தால் வந்த உணவல்ல. பங்கால் வந்தது.

இதை எனக்கு விளங்க வைத்தவர் நண்பரின் மூத்த மச்சான். குளிர்சாதனப் பெட்டி வராத காலத்தில் ஒரு மாட்டை அறுத்தால் பொழுது சாய்வதற்குள் தீர்த்தாக வேண்டும். ஒரு வீட்டால் முடியாது, பத்து வீட்டாலும் முடியாது. ஆகவே கத்தியை எடுக்கும் முன்பே பங்குகாரர் பட்டியல் தயாராக இருக்க வேண்டும். எலும்பில் பங்கு, ஈரலில் பங்கு, கொழுப்பில் பங்கு என எல்லாக் குவியலிலும் எல்லாம் இருக்கும்படி ஓலைப்பாயில் கூறு போடுவார்கள். கோழியைத் தனியாகத் தின்னலாம். ஆட்டை அண்ணன் தம்பிகள் முடித்துவிடலாம். மாட்டுக்குத்தான் ஊர் வேண்டும். கத்தோலிக்கக் கிராமங்களில் நத்தாருக்கும் ஆலயத் திருநாளுக்கும் இப்படிப் பங்கு போடுவதுண்டு. பேசாலைக்கு அறுத்த மாட்டில் தாராபுரத்துக்காரர் பங்கு எடுக்க மாட்டார், அறுப்பு முறை வேறென்பதால். தாராபுரத்து மாட்டில் பேசாலைக்காரர் தாராளமாக எடுப்பார். யார் வீட்டிலிருந்து யார் வீட்டுக்கு எது போகும் என்பது எழுதாத சட்டமாக எல்லோருக்கும் தெரியும்.

தலைமன்னாருக்கு ஒரு மத்தியானம் ரயிலில் போனேன். ஊர்க்காரர்கள் இறங்குதுறையை இன்றும் 'பியர்' என்றே சொல்கிறார்கள். 1914இல் பாம்பன் பாலம் திறந்ததும் தனுஷ்கோடியிலிருந்து கப்பல் இங்கேதான் வந்தது. சென்னையில் ஏறியவர் கொழும்பில் இறங்கலாம். 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியை அழித்தபின் கப்பல் இராமேசுவரத்திலிருந்து வந்தது. போர் தொடங்கியதும் அதுவும் நின்றது. 1990இல் ரயிலும் போய், தண்டவாளம் மறுபடி போடப்பட்டு, 2015 மார்ச்சில் ரயில் திரும்பியது. கப்பல் திரும்பவில்லை. துருப்பிடித்த துறைக்கருகில் ஒரு தேத்தண்ணிக் கடையில் மாட்டிறைச்சி வைத்துச் சுருட்டிய ரோல்ஸ் சூடாய்க் கிடைத்தது. மிளகு தூக்கலாய், உருளைக்கிழங்கு குறைவாய், ஒழுங்கான ரோல்ஸ். 19ஆம் நூற்றாண்டில் காப்பித் தோட்டத்துக்கு ஆட்கள் இந்தக் கரையில் இறங்கித்தான் மாத்தளைவரை நடந்தார்கள். காப்பி மூட்டை இழுக்க வண்டி மாடுகளும் அந்தக் காலத்தில் தென்னிந்தியாவிலிருந்தே வந்தன. இந்த நீரிணையை மனிதரோடு சேர்ந்து மாடும் கடந்திருக்கிறது.

கடையில் உட்கார்ந்திருந்த முதிய சம்மாட்டி ஒருவர் கடற்பசுவைத் தின்ற காலத்தைச் சொன்னார். மேய்வதற்குக் கடற்புல் வெளி விரிந்த ஆழமற்ற கடல் இது; இரண்டு கரையிலும் அந்த விலங்கு வலையில் படும். உயிரோடு கிடைத்தால் முஸ்லிம் மீனவர் முறைப்படி அறுப்பார்கள். முன்னூறு கிலோவைத் தாண்டும் உடம்பு. அதுவும் பங்குதான், கரையிலேயே கூறு. மாட்டிறைச்சியைவிடக் கொழுப்பான, இனிப்பான இறைச்சி என்று நாக்கைச் சப்பினார். உடனே, "இப்ப தொடுறதில்லை. தொடவும் கூடாது" என்றார். இலங்கையில் 1970 முதல் அதற்குச் சட்டப் பாதுகாப்பு. இந்தியாவில் 1972 வனவிலங்குச் சட்டம். 2022இல் நம் கரையில் பாக் விரிகுடாவின் 448 சதுர கிலோமீட்டரைக் கடற்பசுக் காப்பகமாக அறிவித்தார்கள். இந்தத் தடையை நான் முழு மனதோடு ஏற்கிறேன். அந்த விலங்கு அழிவின் விளிம்பில் இருக்கிறது. தடை என்றாலே எதிர்க்க வேண்டியதில்லை. எதைக் காக்க, யாரை நோக்கி என்றே ஒவ்வொரு தடையிடமும் கேட்க வேண்டியிருக்கிறது.

மாட்டைப் பற்றிய தடைப் பேச்சில் அந்த 'யாரை நோக்கி' என்பது மறைவாக இல்லை. 2013 மே மாதம் வெசாக் நாளன்று கண்டி தலதா மாளிகை முன் ஒரு பிக்கு, மாடறுப்பை எதிர்த்துத் தன்னையே தீயிட்டுக்கொண்டார், மறுநாள் இறந்தார். ஹலால் முத்திரைக்கு எதிரான கூச்சலும் அதே ஆண்டுதான். 2020 செப்டம்பரில் பிரதமர் மகிந்த ராஜபக்ச முன்வைத்த மாடறுப்புத் தடையை அமைச்சரவை கொள்கையளவில் ஏற்றது. உண்பவர்களுக்கு இறைச்சியை வெளிநாட்டிலிருந்து தருவிக்கலாம் என்றார்கள். பஸ்ஸில் வந்த பட்டிக்காரரை அப்போது நினைத்துப் பார்த்தவர் யாரென்று தெரியவில்லை. அடுத்த ஆண்டு சட்டத் திருத்தத்துக்கும் ஒப்புதல் கொடுத்தார்கள். பொருளாதாரம் சரிந்த 2022க்குள் அந்தப் பேச்சு அடங்கிப்போனது. தமிழர் பக்கமும் சுத்தமில்லை. 2018இல் சாவகச்சேரியில் மாடறுப்புக்கு எதிராக இந்து அமைப்பொன்று போராடியது. பகை மாட்டோடும் நிற்கவில்லை: 2019 சிவராத்திரிக்கு முதல் நாள் மன்னாரிலேயே திருக்கேதீச்சரத்துக்குப் போகும் வழியில் வளைவு ஒன்றைப் பிடுங்கியதில் இந்துக்களும் கத்தோலிக்கரும் மோதிக்கொண்ட காயம் இன்னும் ஆறவில்லை.

எல்லாவற்றுக்கும் முன்னால் 1990 இருக்கிறது. அந்த அக்டோபர் இறுதியில் விடுதலைப் புலிகள் வடக்கு முஸ்லிம்கள் எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டோரை அவர்களுடைய வீடுகளிலிருந்து வெளியேற்றினார்கள். எருக்கலம்பிட்டி, தாராபுரம், கரிசல் மக்கள் கடற்கரையில் காத்திருந்து வள்ளங்களில் ஏறிக் கற்பிட்டிக்குப் போனார்கள். தமிழின் பேரால் தமிழ் பேசும் மக்களுக்குச் செய்யப்பட்ட இந்த அநியாயத்தைத் தமிழ்நாட்டில் நாங்கள் போதிய அளவு பேசவில்லை. உம்மா அந்த நாளைப் பற்றிப் பேசவில்லை. பேசாலைக்காரர் ஒருவர் பேசினார். அடுத்து வந்த நத்தாருக்குத் தீவில் மாடறுக்க ஆளில்லையாம். "அறுக்கத் தெரிஞ்சவன் இருந்தாலும் பங்கெடுக்க ஊர் எங்க?" என்றார்.

2009க்குப் பிறகு பலர் திரும்பினார்கள். பலர் பாதி திரும்பினார்கள். புத்தளத்தில் நாகவில்லு எருக்கலம்பிட்டி என்றே ஓர் ஊர் எழுந்துவிட்டது. முப்பது ஆண்டில் அங்கே பிறந்தவர்களுக்கே பிள்ளைகள். ஒரே குடும்பத்துக்கு இரண்டு ஊரிலும் வீடு. வாக்கு மன்னாரில், வேலை புத்தளத்தில். 2019 நவம்பரில் வாக்களிக்கப் புத்தளத்திலிருந்து மன்னாருக்கு வந்த பஸ்கள்மீது தந்திரிமலைக்கருகே துப்பாக்கிச் சூடு நடந்தது.

ஹஜ்ஜுப் பெருநாள் தொழுகை முடிந்ததும் பள்ளிவாசல் வளவில் உழ்ஹிய்யா என்னும் குர்பானி தொடங்கியது. ஒரு மாட்டில் ஏழு பேர் கூட்டுச் சேரலாம். வருவதில் ஒரு பகுதி வீட்டுக்கு, ஒரு பகுதி உறவுக்கும் அயலுக்கும், ஒரு பகுதி ஏழைகளுக்கு. நண்பரின் வாசலில் பாய் விரித்து இறைச்சியைக் கூறு போட்டார்கள். மச்சான் கையில் பழைய கணக்குக் கொப்பி. பேசாலைக் கத்தோலிக்கச் சம்மாட்டிக்கு ஒன்று, பள்ளிவாசல் முஅத்தினுக்கு ஒன்று, தெருக்கோடி விதவைக்கு ஒன்றரை. நாகவில்லுவிலிருக்கும் மாமிக்கு இரண்டு பங்கா ஒன்றா என்பதில் பெரிய வாக்குவாதம். அவர் மன்னாரில் அயலவரா, புத்தளத்தில் உறவா? உறவென்றால் ஒன்று; அயலென்றும் பார்த்தால் இரண்டு. உம்மா உள்ளே இருந்தபடி இரண்டு என்று முடித்துவைத்தார்.

மீன் வாடியிலிருந்து ஐஸ் வந்தது. ரெஜிபோம் பெட்டியில் மாமியின் பங்கை அடுக்கி, நாடா ஒட்டி, பஸ்ஸில் ஏற்றினோம். வில்பத்துக் காட்டுக்குள் போகும் பழைய பாதையில் பஸ் இல்லை. மதவாச்சி, அனுராதபுரம் சுற்றித்தான் புத்தளம். நடத்துநர் பெட்டியை முன்பக்கம் நிழலில் வைத்துக்கொண்டார். மாலையில் மாமி தொலைபேசியில் வந்தார். பெட்டி சேர்ந்துவிட்டது, ஐஸ் கரையவில்லை, எலும்பு போதாது என்று உம்மாவிடம் குறைபட்டார். இரண்டு பங்கில் ஒன்றை இப்போதே பிரித்து அங்கே நாலு வீட்டுக்கு அனுப்பப் போவதாகவும், அதில் ஒன்று தங்களுக்கு 1990இல் முதல் ராத்திரி சோறு தந்த புத்தளத்துக்காரர் வீடு என்றும் சொன்னார்.